பிரியாணிக்கு அப்புறம் என்ன?

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில் இருக்கிறேன். எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் வருஷத்துக்கு ஒருமுறை அக்கம்பக்கத்தாரை அழைத்துப் பிரியாணி போடுவார்கள். நாலு பேர் 'எங்கள் கதை' என்று மேடையேறிப் பேசுவார்கள். வந்தவர்கள் கைதட்டிவிட்டுப் போவார்கள். இதனால் இனவெறி குறையுமா? கிண்டலாகக் கேட்கவில்லை.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

பிரியாணியை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த மேடைகளில் பெரும்பாலும் ஒரே கதைதான். நாங்கள் நல்லவர்கள், டாக்டர்கள், ஒழுங்காக வரி கட்டுகிறோம், எங்களைக் கண்டு பயப்படாதீர்கள். இதைக் கேட்டு யார் மனம் மாறும் என்று எனக்கும் சந்தேகம்தான்.

சிகாகோவில் வேறு மாதிரி நடந்தது. அந்த நகரின் தெற்குப் பக்கத்தில், கறுப்பினத்தவர் வாழும் தெருக்களில், முக்குக்கு முக்கு இருக்கிற சின்னக் கடைகளில் பல அரபு முஸ்லிம்களுடையவை. மது, சிகரெட், சிப்ஸ், லாட்டரி டிக்கெட். கல்லாவுக்கு முன்னால் தடித்த கண்ணாடி, அதன் சந்து வழியாகக் காசு உள்ளே போகும், சரக்கு வெளியே வரும். ஹராம், அதாவது மார்க்கம் தடுத்தது, என்று தெரிந்தே விற்கிறவர் எங்களைத் திருடர்களாகப் பார்க்கிறார் என்பது அந்தத் தெருக்களின் நெடுநாள் புகார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கிற பையனும் சில சமயம் முஸ்லிம். (அமெரிக்க முஸ்லிம்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் கறுப்பினத்தவர், நம்மவர்கள் பலருக்கு இதுவே புதுச் செய்தி.)

1997-இல் தொடங்கிய இமான் என்ற அமைப்பு, ரமி நஷாஷிபியின் தலைமையில், இந்தச் சங்கடமான கதையைத்தான் கையில் எடுத்தது. ஊரார் இனவெறியைப் பேசும்போதே நம் கடைகளையும் பேசுவோம் என்று கடைக்காரர்களோடும் தெருக்காரர்களோடும் உட்கார்ந்தார்கள். நல்ல காய், பழம் வைக்கச் சொல்லி மன்றாடினார்கள். 2022-இல் இங்கிள்வுட்டில் தாங்களே ஒரு காய்கனிக் கடை திறந்தார்கள்.

இன்னொன்றும் செய்தார்கள். அங்கே மார்க்வெட் பூங்கா இருக்கிறது. வீடு கொடுப்பதில் நிறம் பார்ப்பதை எதிர்த்து 1966 ஆகஸ்ட் 5 அன்று ஊர்வலம் போன மார்ட்டின் லூதர் கிங்கின் தலையில் கல் விழுந்த இடம். மிசிசிப்பியிலும் அலபாமாவிலும்கூட இப்படியொரு வெறுப்பைப் பார்த்ததில்லை என்று அவரே சொன்னார். சரியாக ஐம்பது வருஷம் கழித்து, 2016-இல், அங்கே நினைவுச்சின்னம் எழுந்தது. முன்னின்றது இந்த முஸ்லிம் அமைப்பு. சர்ச்சுக்காரர்களும் யூத அமைப்புகளும் கூடவே நின்றார்கள். கிங் முஸ்லிம் இல்லை, அந்தக் கல் முஸ்லிம்கள் மேல் விழுந்த கல்லும் இல்லை. அடுத்தவன் காயத்தைத் தன் பொறுப்பாக எடுத்துச் சொல்வது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

'இஸ்லாத்தில் இனவெறியே கிடையாது, தொழுகைக்கு அழைக்கிற முதல் பாங்கைச் சொன்னதே கறுப்பினத்தவரான பிலால்' என்று உங்கள் மேடையிலும் யாராவது சொல்லியிருப்பார்கள். சரி. ஆனால் ஒருவரை அவருடைய அரபியல்லாத தாயைச் சொல்லி இழித்த தோழர் அபூதர்ரிடம், உம்மிடம் இன்னும் அறியாமைக் காலம் மிச்சமிருக்கிறது என்று நபிகள் கடிந்துகொண்டதும் ஹதீஸில்தான், நபிமொழித் தொகுப்பில்தான், இருக்கிறது. அதை மேடையில் யாரும் எடுப்பதில்லை.

அடுத்த வருஷம் கறுப்பின முஸ்லிம் ஒருவரை ஏற்றி, உங்கள் ஜமாஅத்தில் பெண் கேட்டால் என்ன பதில் வரும் என்று அவரையே பேசச் சொல்லிப் பாருங்கள். பிரியாணி கொஞ்சம் மிஞ்சும், பரவாயில்லை.