தெளிந்த நீரில் மறைந்திருப்பவை: கடலோரக் கழிவுநீர் குறித்த கேள்வி-பதில்

கேள்வி: சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளிவரும் நீர் கண்ணாடிபோலத் தெளிந்திருக்கிறது. அதைக் கடலில் விட்டால் என்ன கெடுதல்? (பாம்பன் வாசகர்)

பதில்: கவலைக்குரிய சத்துகளான நைட்ரஜனும் பாஸ்பரஸும் நீரில் கரைந்தே இருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. காற்றூட்டும் தொட்டியில் பாக்டீரியாக்கள் கரிமக் கழிவைத் தின்று தீர்ப்பதால், லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வரை இருந்த பி.ஓ.டி. (கரிமக் கழிவைச் சிதைக்க பாக்டீரியாக்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) அளவு 30க்கும் கீழே இறங்குகிறது. ஆனால் அதே தொட்டியில் அம்மோனியா நைட்ரேட்டாக உருமாறுகிறதே தவிர, நீரை விட்டு அகலுவதில்லை. அதை அகற்ற, காற்றில்லாத மற்றொரு தொட்டி வேண்டும். அங்குள்ள பாக்டீரியாக்கள் நைட்ரேட்டிலுள்ள ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு நைட்ரஜனை வாயுவாக வெளியேற்றிவிடும்.

இந்தக் கூடுதல் தொட்டி நம் கடலுக்கு ஏன் தேவை? 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறைகள் சத்துக் குறைந்த நீரில் வாழப் பழகியவை. 2010இலும் 2016இலும் வெப்பத்தால் வெளுத்த பவளங்கள் மீண்டுவரும் வேளையில் சத்து மிகுந்த நீர் சேருமானால், வேகமாக வளரும் பாசி அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் பெண் கடல் என்று அழைக்கும் பாக் நீரிணைப் பக்கம் ஆழமும் அலையும் குறைவு என்பதால், அங்கே மிதவைப் பாசி பெருகி நீர் கலங்கினால், வெளிச்சமின்றிக் கடற்புல் மடியும். கடற்பசுவுக்கோ அதுதான் மேய்ச்சல் நிலம். 2017ஆம் ஆண்டின் தேசியத் தரவிதி நைட்ரஜனுக்கு வரம்பே வைக்கவில்லை. 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் லிட்டருக்கு 10 மில்லிகிராம் என்ற கடுமையான அளவை வலியுறுத்தியது. இந்தக் கடற்கரையைப் பொறுத்தவரை அந்த அளவே பொருத்தம் என்பது என் கருத்து.

கேள்வி: எங்கள் செப்டிக் டேங்க் பதினைந்து ஆண்டுகளாக நிரம்பவே இல்லை. நன்றாகக் கட்டியிருக்கிறார்கள் என்று கொள்ளலாமா? (கீழக்கரை வாசகி)

பதில்: கொள்ள முடியாது. மணற்பாங்கான ஊரில் தொட்டி நிரம்பவில்லையென்றால், பெரும்பாலும் அதன் அடியில் தரை போடவில்லை அல்லது அது கசிகிறது என்றே பொருள். கசிவது நேரே நிலத்தடி நீரில் கலக்கும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. உங்கள் கிணற்று நீரை ஒருமுறை சோதித்துவிடுங்கள், கொதிக்க வைப்பதை நம்பாதீர்கள். நீர் ஆவியாக ஆக, நைட்ரேட்டின் செறிவு கூடத்தான் செய்யும். முறையான தொட்டியில் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மலக்கசட்டை வாகனம் கொண்டு உறிஞ்ச வேண்டும். பாதுகாப்புக் கருவிகள் இன்றி உள்ளே ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வண்டி எங்கே போய்க் கொட்டுகிறது என்றும் கேட்டு வையுங்கள். கழிமுகத்தில் திறந்துவிட்டால் அத்தனை செலவும் வீண்.

கேள்வி: ஆடி, தை அமாவாசைக் கூட்டத்தைச் சுத்திகரிப்பு நிலையம் தாங்குமா? (ராமேஸ்வரம் வாசகர்)

பதில்: வடிவமைப்பில்தான் விடை இருக்கிறது. பாக்டீரியாக் கூட்டம் அன்றாடம் வரும் கழிவின் அளவுக்கு ஏற்பவே பெருகியிருக்கும் என்பதால், ஒரே நாளில் பல மடங்கு கழிவு வந்தால் அது திணறி, அரைகுறையாகச் சுத்தமான நீரை வெளியே தள்ளிவிடும். எனவே வரும் நீரைத் தேக்கிவைத்துச் சீராக அனுப்பும் சமன்தொட்டி, யாத்திரைத் தலத்துக்கு ஆடம்பரம் அன்று. கடலில் நீராடும் இடத்தில் மலக் கோலிபார்ம் (மலம் கலந்திருப்பதைக் காட்டும் பாக்டீரியா) 100 மில்லிலிட்டருக்கு 100 என்பதே உச்ச வரம்பு. மக்கள் அதிகமாக நீராடும் நாளில்தான் அதை அளக்கவும் வேண்டும்.

கேள்வி: குளோரின் கலந்தால் போதாதா? (தொண்டி வாசகர்)

பதில்: கிருமி சாகும், ஆனால் மிச்சமிருக்கும் குளோரின் மீன் குஞ்சுகளையும் இறால் குஞ்சுகளையும் பாதிக்கும். குளோரினை நீக்கிய பிறகே வெளியேற்ற வேண்டும், அல்லது புற ஊதாக் கதிரைப் பயன்படுத்தலாம்.

கேள்வி: பூங்கோரை படர்ந்து மீன் செத்து ஒதுங்குவதற்கும் கழிவுநீர்தான் காரணமா? (மண்டபம் மீனவர்)

பதில்: அந்தப் பழியை முழுவதும் கழிவுநீர்மேல் சுமத்த மாட்டேன். நீங்கள் பூங்கோரை என்று சொல்வது கடலில் படரும் நாக்டிலூக்கா என்னும் நுண்ணுயிர்; அது பருவக்காற்று, நீரோட்டம், இரையின் அளவு ஆகியவற்றைப் பொறுத்துப் பெருகுகிறது. மீன்கள் மடிவது ஆக்சிஜன் குறைவதாலும் அம்மோனியா கூடுவதாலும்.

கேள்வி: சுத்திகரித்த நீரைத் தென்னைக்குப் பாய்ச்சலாமா? (ராமநாதபுரம் வாசகர்)

பதில்: பாய்ச்சலாம். திருச்சிப் பக்கமிருந்து காவிரி நீரைக் குழாயில் கொண்டுவரும் மாவட்டம், அதை ஒருமுறை பயன்படுத்திவிட்டுக் கடலில் விடுவது எனக்கு உடன்பாடில்லை. பயிருக்கு அந்த நைட்ரஜன் உரமும்கூட. ஆனால் கடலோரப் பாதாளச் சாக்கடைக் குழாய்களின் விரிசல் வழியே உவர்நீர் உட்புகுவதுண்டு. முதலில் நீரின் உப்பை அளந்து பாருங்கள்; தென்னை ஓரளவு தாங்கும், கத்தரியும் மிளகாயும் அவ்வளவு தாங்கா.