பைபிளுக்கு அதிகாரம் இருக்குன்னு சொல்றீங்களே, அன்றாட வாழ்க்கைல அத எப்படித்தான் கடைப்பிடிக்கிறீங்க?

கேள்வி கேட்டவரு கூடவே இன்னொண்ணும் சேர்த்துக் கேட்டிருக்காரு, பைபிள்ல லேவியராகமம்ங்கற சட்டப் புத்தகத்துல ரெண்டு வகை நூல் கலந்த துணி உடுத்தக்கூடாதுன்னு போட்டிருக்கு, நீங்க எல்லாரும் பாலியஸ்டரும் பருத்தியும் கலந்த பாலி காட்டன் போட்டுக்கிட்டுத்தான சர்ச்சுக்குப் போறீங்க, அப்ப பிடிச்சத எடுத்துக்கிட்டு பிடிக்காதத விட்டுட்டு அதுக்கு அதிகாரம்னு பேரு வைக்கிறீங்களான்னு. நியாயமான கேள்விதான். நான் ஊழியக்காரியும் இல்ல, இறையியல் படிச்சவளும் இல்ல. காரைக்குடி பக்கத்துல வீட்டுலயே வச்சு கை முறுக்கு, சீப்பு சீடை, தேன்குழல், மாவுருண்டை போட்டு விக்கிறேன், என்கிட்ட ஆறு பேரு வேலை பாக்குறாங்க. எனக்குத் தெரிஞ்ச எடத்துல இருந்து சொல்றேன்.

தமிழ்ல பாருங்க, பைபிள்ல சேப்டருக்கும் அதிகாரம்னுதான் சொல்றோம், நம்மள ஆளுறதுக்கும் அதிகாரம்னுதான் சொல்றோம். எங்க வீட்டுல ராத்திரி ஜெபத்துல பைபிள்ல நீதிமொழிகள்ங்கற புத்தகத்துல தேதிக்கு ஒரு அதிகாரம் வாசிப்போம், மொத்தம் 31 இருக்கு, மாசத்துக்குச் சரியா வரும். மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு 11ஆம் தேதி, பையன் அப்ப எட்டாவது படிச்சான், அவன்தான் வாசிச்சான். "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்." வாசிச்சுட்டு நிறுத்தி, அம்மா சுமுத்திரைன்னா என்னம்மான்னு கேட்டான்.

நாங்க வாசிக்கிற அந்த மொழிபெயர்ப்பு 1871ல வந்தது, அதுல இப்படிப் பழைய வார்த்தை நெறய கெடக்கும், பாதிப் பேரு அர்த்தம் தெரியாமலே தாண்டிப் போயிருவோம். எனக்கு இந்த வார்த்தை தெரியும், எங்க அப்பத்தா சொல்லிக் குடுத்தது. அப்பத்தா ஒரு பெரிய வீட்டுல ரெண்டாங்கட்டு அடுப்படில பலகாரம் சுட்டுப் பொழச்சவ, எழுத்துக்கூட்டி வெரல வச்சு வச்சுத்தான் வேதம் வாசிப்பா. படிக்கல்லு, மரக்காலு, படி எல்லாத்துலயும் சர்க்கார் முத்திரை குத்தியிருக்கும்டி, அந்த முத்திரை நல்லபடியா இருக்கற கல்லுதான் சுமுத்திரையான கல்லு, அடிய சொரண்டி எடுத்துட்டு விக்கிறவன் கல்லு கள்ளக்கல்லுன்னு சொல்லுவா. இத அப்படியே பையன்கிட்ட சொன்னேன், இப்பவும் நம்ம எலக்ட்ரானிக் தராச வருஷத்துக்கு ஒருதடவ கொண்டுபோயி முத்திரை வாங்குறோம்ல அதுதான்டான்னு பெருமையா வேற சொன்னேன். அவன் உடனே கேட்டான், அப்ப நம்ம டப்பாவோட வச்சு நிறுக்குறோமேம்மா?

நான் பதில் சொல்லல. அட்டை டப்பாவ தராசுல வச்சு, முறுக்க அடுக்கி, அரைக்கிலோ காட்டுனதும் மூடிக் கட்டிருவோம், ஊர்ல பாதிக் கடைல அப்படித்தான், நானும் அதப் பாத்துத்தான் கத்துக்கிட்டேன், தப்புன்னே தோணினது இல்ல. ஜெபம் முடிஞ்சு எல்லாரும் படுத்ததுக்கு அப்புறம் எந்திரிச்சுப் போயி வெறும் டப்பாவ மட்டும் வச்சுப் பாத்தேன். 42 கிராம். அப்ப ஒரு நாளைக்கு அறுபது டப்பா போச்சு, கணக்குப் போட்டா ரெண்டரைக் கிலோ முறுக்கு, குடுக்காத முறுக்குக்கு தெனமும் காசு வாங்கியிருக்கேன். தராசுல முத்திரை இருந்துச்சு, என் கைதான் சரியில்ல.

மறுநாள் காலைல இருந்து டப்பாவ வச்சு டேர் பட்டன அமுக்கி சுழியம் ஆக்கிட்டுத்தான் முறுக்க அடுக்குறது. ரெண்டே மாசத்துல கட்டுப்படியாகாம அரைக்கிலோவுக்குப் பத்து ரூபா ஏத்தவேண்டி வந்துச்சு, சில பேரு முனகுனாங்க, அது பரவால்ல, அது வெளிப்படையா சொல்லி வாங்குற காசு. பக்கத்து வளவு ஆச்சி ஒருநாள் வந்து நின்னு பாத்துட்டு, என்னத்தா புதுசா முதல்ல வெறும் டப்பாவ நிறுக்குறேன்னு கேட்டாக, நடந்தத சொன்னேன், ஒண்ணும் சொல்லாம ஒரு கிலோ சேர்த்து வாங்கிக்கிட்டுப் போனாக.

அதிகாரம்னு நான் சொல்றது இதத்தான். சுவத்துல வசன காலண்டர் மாட்டுறதும், வாட்ஸ்அப்ல காலைல வசனம் அனுப்புறதும் எனக்கும் பிடிக்கும், ஆனா அந்த வசனம் என் கணக்குல கை வைக்கும்போது நான் விடுறேனா இல்ல மல்லுக்கட்டுறேனா, அங்கதான் யாரு பெரியவங்கன்னு தெரியும். மத்தேயு நாலாம் அதிகாரத்துல இயேசுவ சாத்தான் சோதிக்கிற எடத்தப் பாருங்க. இயேசு மூணு தடவயும் எழுதியிருக்கிறதேன்னு பழைய சட்டப் புத்தகமான உபாகமத்துல இருந்தே பதில் சொல்றாரு, தேவகுமாரனே வசனத்துக்குக் கீழ நிக்கிறாரு. சாத்தானும் வசனம்தான் சொல்றான், 91ஆம் சங்கீதம், மனப்பாடமா. வசனம் ரெண்டு பேருக்கும் தெரியும், ஒருத்தர் அதுக்குக் கீழ்ப்படியறாரு, இன்னொருத்தன் அத வச்சு அவர மேல இருந்து கீழ குதிக்க வைக்கப் பாக்குறான். இதப் படிச்சதுல இருந்து மேடைல யாராவது வசனத்த அடுக்கடுக்கா சொன்னா மட்டும் நான் மயங்குறது இல்ல. அப்போஸ்தலர் 17ல பெரோயா ஊர்க்காரங்க அப்போஸ்தலர் பவுல் சொன்னதையே தெனமும் வேதத்தோட ஒப்பிட்டுப் பாத்தாங்க, அதுக்கு அவங்கள நற்குணசாலிகள்னு பாராட்டித்தான் எழுதியிருக்கு.

இப்ப துணிக் கேள்விக்கு வர்றேன். கலப்புத் துணி வசனம் லேவியராகமம் 19ல 19ஆவது வசனம். அதுக்கு முந்துன வசனம் பிறனிடத்தில் அன்புகூரு, அதே அதிகாரத்துல 36ல சரியான தராசு. மூணும் ஒரே பக்கம், அப்ப ஏன் ஒண்ண விட்டு ரெண்ட எடுக்குறோம்? என் வசதிக்காகன்னா தராசத்தான் மொதல்ல விட்டிருப்பேன். தராசும் நிறைகல்லும் நீதிமொழிகள்ல மட்டும் நாலு எடத்துல திரும்ப வருது, ஆமோஸ் எட்டுல வருது, மீகா ஆறுல வருது, தீர்க்கதரிசிங்க ஜனங்கள அடிச்சுப் பேசுறது இதுக்காகவும்தான். அன்புகூர்ற வசனத்த ரெண்டாவது பெரிய கட்டளைன்னு இயேசுவே எடுத்துச் சொல்லிட்டாரு. சாப்பாடு, பண்டிகை நாள் மாதிரி சட்டங்க வரப்போறதுக்கு நிழல்னு கொலோசெயர் ரெண்டுல பவுல் சொல்றாரு, இஸ்ரவேலர மத்த ஜனங்ககிட்ட இருந்து பிரிச்சு வச்ச துணிச் சட்டத்தயும் சபை அந்த வகைலதான் வச்சுப் பாக்குது. ஆக எத வைக்கிறது எத விடுறதுங்கறத வேதத்தோட மத்த பாகந்தான் சொல்லணும், என் ஆசை சொல்லக்கூடாது. இதுல எல்லா எடமும் அவ்வளவு தெளிவா இருக்காது, அந்த எடத்துல நிதானமாத்தான் பேசணும்.

தராசாவது ஒரு பட்டன் விஷயம். அதவிட என்னைய உலுக்குனது கூலி. ரெண்டு தீபாவளிக்கு முன்னாடி வெளிநாட்டுப் பார்ட்டி ஒண்ணு பெரிய ஆர்டர் குடுத்துட்டு பணத்த இழுத்தடிச்சாங்க. நான் வேலைக்கு வர்றவங்ககிட்ட பார்ட்டி பணம் போடல, போட்டதும் தர்றேன்னு சொல்லிட்டேன், ரெண்டு சனிக்கிழமை அப்படியே போச்சு. மூணாவது சனிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் கெளம்பிட்டாங்க, ஒரு அக்கா மட்டும் போகாம நின்னாக. முறுக்கு சுத்துற வெள்ளைத் துணிய உதறி மடிச்சாக, மறுபடி விரிச்சு மறுபடி மடிச்சாக, வெரல் இடுக்குல மாவு காஞ்சு வெள்ளையா ஒட்டியிருந்துச்சு. பணம்னு வாயத் தொறந்து கேக்கல. வர்றேன்மான்னு சொல்லிட்டுப் போயிட்டாக.

அன்னிக்கு ராத்திரி ஞாயித்துக்கெழமைக்காக தசமபாகக் கவர்ல, வருமானத்துல பத்துல ஒரு பங்கு சபைக்குன்னு எடுத்து வைக்கிறது, பணத்த எண்ணி வச்சுக்கிட்டிருந்தேன். அப்ப உபாகமம் 24 மனசுல வந்துச்சு, ரொம்ப நாளைக்கு முன்னாடி வாசிச்சது: கூலிய வேலை செஞ்ச நாள்லயே "பொழுதுபோகுமுன்னே" குடுத்துறணும், "அவன் ஏழையும் அதின்மேல் ஆவலுமாயிருக்கிறான்". அந்த ஆவல்ங்கற வார்த்தை, அந்த அக்கா துணிய மடிச்சு மடிச்சு நின்னது அதுதான். சீரகத்துக்குக்கூட தசமபாகம் குடுத்துட்டு நீதியையும் இரக்கத்தையும் விட்டுட்டீங்கன்னு இயேசு, சட்டத்த கறாரா கடைப்பிடிச்ச பரிசேயர்கிட்ட சொன்னாருல்ல, நான் தெனமும் முறுக்கு மாவுல சீரகம் போடுறவ, அந்த வசனத்த எத்தன தடவ கேட்டிருக்கேன். கவர்ல இருந்த பணத்த எடுத்துட்டு, பத்தாததுக்கு ஒரு சங்கிலிய தெரிஞ்சவங்ககிட்ட வச்சு வாங்கி, அன்னிக்கு ராத்திரியே ஆறு வீட்டுக்கும் போயி குடுத்துட்டு வந்தோம், என் வீட்டுக்காரரு வண்டி ஓட்டுனாக. தாமசமானதுக்கு மன்னிப்புக் கேட்டேன். அதுல இருந்து வாரக்கூலி கெடையாது, தெனமும் விளக்கு வைக்கிறதுக்குள்ள கைல குடுத்துருவோம், பார்ட்டி பணம் போட்டாலும் போடாட்டியும். நட்டம் வந்தா அது முதலாளி பாடு, அவங்க பாடு இல்ல.

நம்ம சபைங்கள்ல எனக்கு வருத்தமான ஒரு பழக்கம் வாக்குத்தத்த வசனம். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனைல வசனம் எழுதுன அட்டைல ஒண்ண எடுத்து, வந்த வசனத்த அந்த வருஷத்துக்கு எனக்குன்னு வச்சுக்குவோம். எனக்கு ஒருதடவ எரேமியா 29:11 வந்துச்சு, தீமைக்கல்ல சமாதானத்துக்கேதுவான நினைவுகளே, அந்த வருஷந்தான் எங்க அம்மா படுத்த படுக்கையாகி எறந்துபோனாங்க. அட்டைய வச்சுக்கிட்டு ரொம்ப நாள் அழுதேன். அப்புறம்தான் அந்த அதிகாரத்த முழுசா வாசிச்சேன், அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவங்களுக்கு எரேமியா எழுதுன கடுதாசி, முந்துன வசனத்துலயே எழுபது வருஷம்னு இருக்கு, கேட்டவங்கள்ல பாதிப்பேரு திரும்பி வந்து பாக்கமாட்டாங்க. அதுவரைக்கும் அங்கயே வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, அந்தப் பட்டணத்தோட சமாதானத்தத் தேடி அதுக்காக ஜெபம் பண்ணுங்கன்னு சொல்லுது. எங்க அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு அது சொல்லவே இல்ல. முழுசா வாசிச்சதும் அந்த வசனம் எனக்குத் திரும்பக் கெடச்சுது, முன்னவிட கனமா. இப்ப காரைக்குடிக்காக ஜெபம் பண்றோம், தண்ணிக்காக, பஸ் ஸ்டாண்ட் பக்கம் குடிச்சுக் கெடக்குற பையங்களுக்காக.

படையல் விஷயமும் நெறயப் பேரு கேப்பீங்க. பிள்ளையார்பட்டியும் குன்றக்குடியும் இருக்கற ஊர்ல, வீட்டுக்கு வீடு பிரசாதம் வரும். 1 கொரிந்தியர் எட்டும் பத்தும் சேர்த்து வாசிக்கணும், கடைல விக்கிறத கேள்வி கேக்காம சாப்பிடு, கூப்பிட்டா போயி சாப்பிடு, இது படைச்சதுன்னு ஒருத்தர் சொன்னா அவரோட மனச்சாட்சிக்காக சாப்பிடாத, இதுதான் பவுல் சொல்றது. மூஞ்சியச் சுளிச்சுத் திருப்பி அனுப்புன்னு எங்கயும் இல்ல. நான் ஆச்சிகிட்ட மரியாதையா ஒருதடவ சொன்னேன். அதுல இருந்து பொங்கலுக்கு அவுக படைக்கிறதுக்கு முன்னாடியே ஒரு தூக்குல எனக்குன்னு தனியா எடுத்து வச்சுத் தர்றாக, நான் கிறிஸ்மஸ் பலகாரம் குடுத்து விடுறேன்.

என் மாமியார் வழி கத்தோலிக்கர், அவுக கைல 73 புத்தகம் உள்ள திருவிவிலியம், எங்களுக்கு 66, சபை மரபுக்கும் அவுக அதிகாரம் குடுக்குறாக. வருஷம் ஒருதடவ தேவகோட்டை தாண்டி ஓரியூர் போவாக, போர்ச்சுகல்ல இருந்து வந்த பாதிரியார் அருளானந்தர் 1693ல தலை வெட்டப்பட்ட எடம். தடியத்தேவர்ங்கற மறவர் தலைவர் அவரால கிறிஸ்தவராகி, ஒரே மனைவின்னு மத்த மனைவிங்கள அனுப்பிட்டாரு, அதுல ஒருத்தி ராமநாதபுரம் சேதுபதி மன்னருக்கு உறவு, அதுல இருந்துதான் அந்தச் சாவு வந்துச்சு. ஓரியூர்ல நிக்கும்போதெல்லாம் எனக்கு அனுப்பப்பட்ட அந்தப் பொம்பளைங்க ஞாபகமும் வரும். நான் கீழ்ப்படியறதோட வெலைய வேற யாராவது குடுக்குறாங்களான்னு பாக்கணும்னு அங்க நின்னுதான் யோசிச்சேன், எனக்கு இன்னும் முழுசா பதில் கெடைக்கல.

இன்னிக்குத் தேதி 20. இருபதாம் அதிகாரத்துல 10ஆம் வசனம் நிறைகல்லும் மரக்காலும், 23ஆம் வசனம் நிறைகல்லும் தராசும், மாசா மாசம் இது வரும். பையன் பாய விரிச்சுட்டுக் கூப்பிடுறான், வாசிக்கப் போறேன்.