அமெரிக்க மாற்றுத்திறனாளி கொடுப்பனவு வழக்கு: புது விதி வரும்வரை பொறுக்கலாமா?

தம்பி, நியூ ஜெர்சியில் இருக்கும் அண்ணாவின் கொடுப்பனவை, அதைத் தரும் அரச அமைப்பான சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தின் மேன்முறையீட்டுச் சபையும் மறுத்துவிட்டது, இப்படியான வழக்குகளுக்கான நீதிமன்ற விதிகள் மாறப்போகின்றனவாம், அதுவரை வழக்குப் போடாமல் பொறுக்கலாமா என்று ஏறாவூரிலிருந்து கேட்டிருந்தீர்கள்.

பொறுக்க வேண்டாம். நீங்கள் வாசித்தது பழைய வரைவு. அந்த விதிகள் 2022 டிசம்பர் 1 முதலே நடைமுறையில் இருக்கின்றன.

முதலில் திகதியைப் பாருங்கள். சபையின் கடிதம் கிடைத்து 60 நாட்களுக்குள் ஃபெடரல் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும். கடிதத் திகதியிலிருந்து 5 நாளில் கிடைத்ததாகவே கணக்கெடுப்பார்கள். என் மச்சான் டெக்சாஸிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய தன் கடிதத்தின் படத்தில் அவருடைய பெருவிரல் சரியாகத் திகதியைத்தான் மறைத்துக்கொண்டிருந்தது! அண்ணாவிடம் எல்லாப் பக்கத்தையும் தெளிவாகப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

புது விதியால் வழக்குப் போடும் ஆளுக்கு வேலை குறைவுதான். முறைப்பாடு சுருக்கமாக இருந்தால் போதும். வரைவில் சமூகப் பாதுகாப்பு இலக்கத்தின் கடைசி 4 இலக்கங்களைக் கேட்டிருந்தார்கள். இறுதி விதியில் அது இல்லை, கடிதத்திலுள்ள அடையாளக் குறியீட்டை எழுத வேண்டும். அழைப்பாணையை நாம் சேர்ப்பிக்கத் தேவையில்லை, அரசுத் தரப்புக்கு நீதிமன்றமே மின்னஞ்சல் வழி அறிவிக்கும். அவர்கள் பதில் போட்டபின் அண்ணாவின் எழுத்துமூல வாதத்துக்கு 30 நாள், அவர்களுக்கு 30 நாள், மறுமொழிக்கு 14 நாள். இடையில் ஏதாவது மனுப் போட்டால் இந்தக் கணக்கு மாறும்.

அப்புறம், மட்டக்களப்பு ஆஸ்பத்திரியின் பழைய கிளினிக் கொப்பியை அனுப்பவா என்றீர்களே. நீதிமன்றம் பெரும்பாலும் ஏற்கெனவே கோப்பில் உள்ளதைத்தான் பார்க்கும். புதிதாக ஒன்றைச் சேர்ப்பதென்றால், ஏன் முன்பே கொடுக்கவில்லை என்பதற்கு நல்ல காரணம் வேண்டும். கொப்பியை எறியாதீர்கள், அங்குள்ள சட்டத்தரணியிடம் காட்டச் சொல்லுங்கள். வழக்குக் கட்டணம் கட்ட வசதியில்லாவிட்டால் விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம்.