வௌவாலுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தது யார்?

பெங்களூரு அல்சூர் பக்கம் உங்கள் தெரு ஆலமரத்து வௌவால்களிடம் மருந்துக்கு அடங்காத பாக்டீரியா இருக்குமா, மரத்தை வெட்டச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருக்கலாம். ஆனால் அது பெரும்பாலும் நம்மிடமிருந்து போனதுதான். சாயங்காலம் ஏரிக்கரையில் நின்று பாருங்கள். பெரிய பழந்தின்னி வௌவால் தாழப் பறந்து வந்து வயிற்றை நீரில் நனைத்துக்கொண்டு போகும். அப்புறம் மரத்தில் தொங்கியபடி அந்த ரோமத்தை நக்கும். அது அப்படித்தான் தண்ணீர் குடிக்கிறது. பெங்களூரு ஏரிகள் பலவற்றில் கழிவுநீர் கலக்கிறது. நாம் விழுங்கும் மாத்திரையின் மிச்சமும், அதற்குத் தப்பிய கிருமிகளும் அதில் உண்டு. அக்கிருமிகள் தங்கள் எதிர்ப்பு மரபணுவைப் பிளாஸ்மிட் என்ற சின்ன டி.என்.ஏ. வளையமாக மற்ற பாக்டீரியாவுக்கும் கொடுத்துவிடும்.

ஆஸ்திரேலியாவின் சாம்பல்தலைப் பழந்தின்னிகளை ஆராய்ந்தபோது, காட்டில் திரிந்தவற்றைவிட மனிதர் பராமரிப்பில் இருந்தவற்றிடமே இத்தகைய மரபணுக்கள் அதிகம் இருந்தன.

சரி, மரம்? தயவுசெய்து வெட்டாதீர்கள். கூட்டம் அடுத்த தெருவுக்குப் போகும், சாக்கடை அப்படியே இருக்கும். வௌவால் கடித்த பழத்தைத் தின்னாதீர்கள். எச்சத்தை உலர்ந்தபடி பெருக்காமல் நனைத்துக் கழுவுங்கள். கீழே விழுந்த குட்டியை வெறுங்கையால் தொடாதீர்கள்.