பிரஸ்ஸல்ஸில் இரண்டு நாள்

வணக்கம் சார்,

அடுத்த மாதம் கம்பெனி சார்பில் ஒரு மாநாட்டுக்காக பிரஸ்ஸல்ஸ் போகிறேன். முதல் வெளிநாட்டுப் பயணம். மாநாடு வெள்ளியோடு முடிகிறது, ஞாயிறு இரவு விமானம். சனிக்கிழமை பாரிஸ், ஞாயிறு காலை ஆம்ஸ்டர்டாம் என்று திட்டம் போட்டிருக்கிறேன். ஈஃபில் டவரைப் பார்க்காமல் வரக்கூடாது என்கிறாள் மனைவி. ஆபீஸ் செலவில் போய் ஊர் சுற்றுவது கொஞ்சம் உறுத்துகிறது. நான் சைவம் வேறு. என்ன சொல்கிறீர்கள்?

க., கோவை

அன்புள்ள க.,

உறுத்தல் வேண்டாம். சனி, ஞாயிறு உங்களுடையவை. அந்த இரண்டு நாள் அறை வாடகையை நீங்களே கொடுத்துவிட்டால் தீர்ந்தது. விசாவில் தங்கும் நாட்கள் என்று போட்டிருக்கும் எண், ஞாயிறு வரை வருகிறதா என்று மட்டும் இப்போதே பாருங்கள்.

பாரிஸ் ரயிலில் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை, ஆம்ஸ்டர்டாம் சுமார் இரண்டு மணி நேரம். போய்வர முடியும்தான். நானும் ஒருமுறை அப்படி ஓடினேன். பெல்ஜியத்தின் கென்ட் நகர ஸ்டேஷனில் நின்றுகொண்டு, பிரான்சில் இருக்கும் லீல் ஊருக்குப் போகும் வண்டியைத் தேடினேன். பலகையில் ‘ரைசல்’ என்று ஏதோ ஓர் ஊர். வண்டி போன பிறகுதான் தெரிந்தது, லீலுக்கு டச்சு மொழியில் பெயரே ரைசல்தான். பெல்ஜியத்தில் இப்படித்தான், டச்சு பேசும் பகுதிக்கும் பிரெஞ்சு பேசும் பகுதிக்கும் நடுவே உள்ள மொழி எல்லையை ரயில் தாண்டினால் ஊர்ப் பெயரும் மாறிவிடும். மோன்ஸ் பெர்கன் ஆகிவிடும்.

என் யோசனை, சனிக்கிழமை கென்ட் மட்டும் போங்கள். அரை மணி நேரப் பயணம். புனித பாவோ பேராலயத்தில் வான் ஐக் சகோதரர்கள் வரைந்து 1432-ல் முடித்த பலகை ஓவியத் தொகுதி இருக்கிறது. நடுவில் பீடத்தின்மேல் ஒரு செம்மறிக்குட்டி, சுற்றிலும் வணங்கும் கூட்டம். குட்டியின் முகத்தை 16-ஆம் நூற்றாண்டில் யாரோ திருத்தி, சாதாரண ஆடாக்கிவிட்டார்கள். 1950-களில் சுத்தம் செய்தபோது பழைய காதுகளும் வெளியே வர, பல வருடம் அது நான்கு காதுகளோடு நின்றது! இப்போது மேல்பூச்சை முழுக்க எடுத்துவிட்டார்கள். குட்டி நம்மை நேருக்கு நேர் பார்க்கிறது, கிட்டத்தட்ட மனிதப் பார்வை. அதே தொகுதியில் இருக்கும் ஆதாமின் கையையும் கவனியுங்கள். உடம்பு வெளுப்பு, கை மட்டும் வெயிலில் கறுத்திருக்கும். வேலை செய்கிற எவனையோ நிற்கவைத்துத்தான் வரைந்திருக்க வேண்டும்.

கீழ் வரிசையில் இடதுகோடிப் பலகை நகல். 1934 ஏப்ரலில் இரண்டு பலகைகள் திருடுபோயின. பணம் கேட்டு மிரட்டியவன், சரக்கு தன்னிடம்தான் இருக்கிறது என்று காட்ட ஒன்றைத் திருப்பிக் கொடுத்தான். எப்படி என்கிறீர்கள்? பிரஸ்ஸல்ஸ் வடக்கு ஸ்டேஷனில் லக்கேஜ் வைக்கும் இடத்தில் போட்டுவிட்டு, ரசீதைத் தபாலில் அனுப்பினான். மற்றது இன்றுவரை கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு இந்தப் பேராலயத்தை வைத்துக்கொள்ளாதீர்கள். காலையில் பூசை நடக்கும், பிற்பகல்தான் விடுவார்கள். ஞாயிறு பிரஸ்ஸல்ஸிலேயே இருங்கள். கிராண்ட் பிளாஸ் சதுக்கத்துக்கு விடியற்காலையில் போய்விடுங்கள், கூட்டம் இருக்காது. 1695-ல் பிரெஞ்சுப் படை பீரங்கியால் அடித்து நொறுக்கிய இடம் அது. நகர மண்டபத்தின் கோபுரம் தப்பியது. சுற்றியுள்ள வணிகச் சங்க வீடுகளில் பெரும்பாலானவை அதன் பிறகு கட்டியவை. பக்கத்தில் சிறுநீர் கழிக்கும் பையன் சிலையையும் பார்ப்பீர்கள். இரண்டடி உயரம்கூட இல்லை, அதற்குத்தான் அத்தனை கேமரா.

சாப்பாடு. கென்ட் நகரம் 2009-லேயே வியாழக்கிழமையைச் சைவ நாளாக அறிவித்த ஊர், திண்டாட மாட்டீர்கள். ஆனால் தெருவில் காகிதக் கூம்பில் தரும் உருளைக்கிழங்கு வறுவலை அப்படியே நம்பிவிடாதீர்கள். பழைய முறைப்படி மாட்டுக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள். எந்த எண்ணெய் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அப்புறம் ஈஃபில் டவர். வீட்டம்மாவிடம், “அதை உன்னோடு பார்க்கலாம் என்று விட்டுவிட்டு வந்தேன்” என்று சொல்லிப் பாருங்கள். டிக்கெட் செலவு உங்கள் பாடு.