மலையிலிருந்து இன்னும் இறங்காத அண்ணன்

அன்புள்ள ஐயா,

என் அண்ணன் 17 வருடம் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் போன வருடம் ஊருக்கு வந்தார். கடைசி வருடங்கள் லடாக்கில். வந்ததிலிருந்து ராத்திரித் தூக்கம் இல்லை. கடற்படைத் தளத்து ஹெலிகாப்டர் தாழப் பறந்தால் சுவரோரம் போய் நின்றுகொள்கிறார். கேன்டீன் ரம் இல்லாமல் படுப்பதில்லை. அண்ணி தொட்டு எழுப்பியதற்குக் கையை முறுக்கிவிட்டார். அப்புறம் விடியும்வரை அழுதார். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், "கடுக்கலூர் பழனி உயிரையே கொடுத்தாரு, எனக்கு என்ன வந்துச்சு?" என்கிறார். ஏர்வாடியில் கொஞ்ச நாள் வைத்துப் பார்க்கலாம் என்கிறார் அம்மா. என்ன செய்வது?

ஒரு தங்கை, உச்சிப்புளி அருகே

அன்புள்ள தங்கைக்கு,

உயரமான போஸ்ட்டுக்கு ஒரு ஜவானை நேராக ஏற்றிவிட மாட்டார்கள். 9,000 அடிக்கு மேல் 6 நாள், 12,000 அடிக்கு மேல் 4 நாள், 15,000 அடிக்கு மேல் இன்னொரு 4 நாள் என்று தங்கிப் பழகவைப்பார்கள். அவசரப்பட்டு ஏறினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிர் போய்விடும் என்பதால் இந்தக் கணக்கு. அதே ஆள் வீட்டுக்கு வருவதற்கு இப்படி எந்தக் கணக்கும் இல்லை. சில நாளில் ராமநாதபுரம் ஸ்டேஷனில் வந்து இறங்கிவிடுகிறார். உறக்கத்திலும் காதைத் தீட்டி வைக்கப் பழகிய உடம்பு அவ்வளவு சீக்கிரம் இறங்குவதில்லை.

கடிதத்தை வைத்து நோய்க்குப் பெயர் வைக்கக் கூடாது. ஆனால் சத்தத்துக்குப் பதறுவதும் கெட்ட கனவும் ஒரு மாதத்தைத் தாண்டி நீடித்தால் பி.டி.எஸ்.டி. (பயங்கர அனுபவத்துக்குப் பின் வரும் மனக்காயம்) இருக்கிறதா என்று மனநல மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். ஹவில்தார் பழனி 2020 ஜூன் 15 அன்று லடாக்கின் கல்வானில் சீனப் படையோடு நடந்த மோதலில் உயிர்நீத்த 20 பேரில் ஒருவர், வீர் சக்ரா பெற்றவர். அவரைச் சொல்லித் தன் வலியை அண்ணன் தள்ளிவிடுவதும் இந்தக் காயத்தோடு வருவதுதான். உயிரோடு திரும்பியதற்கே பலர் கூசிப்போகிறார்கள். வாதாடாதீர்கள். "நீங்க ஹீரோண்ணே" என்றும் சொல்லாதீர்கள், அதோடு அவர் வாயை மூடிக்கொள்வார். "அங்க நடந்ததச் சொல்ல வேணாம்ணே, தூக்கத்துக்கு மட்டும் மருந்து கேப்போம்" என்று கூப்பிடுங்கள்.

அண்ணிக்குச் சொல்ல வேண்டியது: கனவில் திமிறும்போது தொடக் கூடாது, மேலே குனியவும் கூடாது. கால்மாட்டில், கை எட்டாத தூரத்தில் நின்று விளக்கைப் போட்டுவிட்டுக் கூப்பிட வேண்டும். பேர் சொல்லத் தயக்கமாக இருந்தால் வழக்கமாக எப்படிக் கூப்பிடுவாரோ அப்படியே. "நம்ம வீடு, உச்சிப்புளி, நான்தான்" என்று இடத்தையும் ஆளையும் சொல்லட்டும். விழித்ததும் உள்ளங்கால் தரையில் படும்படி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுங்கள். என்ன கனவு என்று அப்போது கேட்க வேண்டாம்.

ரம் முன்னிரவுக்குத்தான் தூக்கம் தரும். பின்னிரவில் போதை இறங்க இறங்கத் தூக்கம் உடைந்து கனவு மூர்க்கமாக வரும். மறுநாள் அளவு கூடும். அதற்காகப் பாட்டிலைப் பிடுங்கி ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். தினமும் நிறையக் குடிப்பவர் சட்டென நிறுத்தினால் 6 முதல் 24 மணி நேரத்துக்குள் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். 2 நாளுக்குள் வலிப்பு வரலாம். அதற்கடுத்து ஆள் அடையாளம் தெரியாத பிதற்றல், அது உயிருக்கே ஆபத்து. தினசரி அளவை டாக்டரிடம் கூசாமல் சொல்லி அவர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும். மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கி ரம்மோடு கொடுத்தால் மூச்சே நின்றுபோகலாம்.

செக்யூரிட்டி வேலைக்கென்று லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கிறாரா? இருந்தால் அதுதான் முதல் வேலை. காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். பூச்சிமருந்தும் வீட்டில் வேண்டாம். சாவைப் பற்றிப் பேசினால் "சாகணும்னு தோணுதாண்ணே?" என்று நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

அம்மா ஏர்வாடி தர்காவுக்குப் போய் வேண்டிக்கொண்டு வரட்டும், நிம்மதி கிடைக்கும். அண்ணனை மட்டும் எங்கேயும் அடைத்து வைக்க விடாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று அந்த ஊரில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். இன்று சங்கிலி போடுவதற்கே 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்தில் தடை இருக்கிறது.

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டலாம். இ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) கார்டு இருந்தால் அதன் பாலிகிளினிக்கில் ரெஃபரல் வாங்கி, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைக்கும் போகலாம். செர்ட்ராலின் மாதிரி மனநல மருந்துக்குக் குணம் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும். பத்தே நாளில் "ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்திவிடுவதால்தான் பலருக்குப் பலன் கிடைப்பதில்லை. பயிற்சி பெற்ற உளவியலாளரிடம் நடந்ததைப் படிப்படியாகப் பேசும் சிகிச்சை இருக்கிறதா என்றும் கேளுங்கள். பெரும்பாலும் 8 முதல் 15 அமர்வுகள். திருவிழா வெடிச் சத்தத்துக்குப் பழக்குவதற்கும் படிப்படியாக ஏறும் அந்த மலைக் கணக்குதான். முதலில் வெடி இல்லாத பகலில் கோயில் வாசல் வரை. அது பழகிய பிறகு, வெடி போடும் நேரத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டு, தூரத் தெருவிலிருந்து.

அப்புறம் காகிதம். ஓய்வு பெறும்போது உடம்பைப் பரிசோதிக்கும் ரிலீஸ் மெடிக்கல் போர்டில் பலர் "எனக்கு ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிடுவார்கள். மெடிக்கல் கேட்டகரி (உடல்தகுதித் தரம்) குறைந்தால் அடுத்த வேலை கிடைக்காது என்ற பயம். பிறகு டிஸெபிலிட்டி பென்ஷன் கேட்கும்போது அதுவே முட்டுக்கட்டை ஆகிறது. அந்த போர்டு அறிக்கையின் நகலை, அவர் படைப்பிரிவின் ஆவணங்கள் இருக்கும் ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதிக் கேளுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், பீரங்கிப் படை என்றால் நாசிக் ரோடு. சர்வீஸில் தூக்கமின்மைக்கோ தலைவலிக்கோ சிக் ரிப்போர்ட் போட்டு (உடம்பு சரியில்லை என்று பதிவு செய்து) டாக்டரைப் பார்த்திருந்தால் தேதி, யூனிட், இடம் மூன்றையும் அண்ணனிடம் கேட்டுக் குறித்து வையுங்கள். இப்போதைய மருத்துவச் சீட்டுகளையும் சேர்த்து மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். மனு எழுதும் முன், டிஸ்சார்ஜ் புக்கிலும் ஆதாரிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் கோப்பு திரும்பி வரும்.