அம்மாவின் திடீர் குழப்பம்: மாத்திரைகளை முதலில் பாருங்கள்

கேள்வி: என் அம்மாவுக்கு 74 வயது. பி.பி., சுகர் மாத்திரை சாப்பிடுகிறார். போன வாரம் சளிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். தூக்கம் வரவில்லை என்றதும் தூக்க மாத்திரையும் கொடுத்தார்கள். நான்கு நாளாகச் சாயங்காலமானால், 'ஊருக்குப் போகணும், பஸ்ஸுக்கு நேரமாச்சு' என்கிறார். காலையில் தெளிவாக இருக்கிறார். மறதி நோயா டாக்டர்?
- வாசகி, பெரம்பூர்

பதில்: மறதி நோய் நான்கு நாளில் வராதும்மா. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வளரும். நன்றாக இருந்தவர் திடீரென்று குழம்புவதும், காலையில் தெளிந்து மாலையில் மோசமாவதும் 'டெலிரியம்' என்கிற மனக்குழப்பத்தின் அடையாளம். காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். சிலருக்கு வாரக்கணக்கில் ஆகலாம்.

என் முதல் சந்தேகம் அந்தச் சளி மாத்திரை மேல்தான். கடையில் கிடைக்கும் பல சளி மாத்திரைகளில் குளோர்பெனிரமின் என்கிற அலர்ஜி மருந்து இருக்கும். ஞாபகத்துக்கும் கவனத்துக்கும் தேவையான அசிட்டைல்கோலின் என்கிற ரசாயனத்தின் வேலையை மூளையில் அது தடுக்கிறது. உங்கள் வயதில் கொஞ்சம் தூக்கக் கலக்கத்தோடு போய்விடும். அம்மா வயதில் மருந்து உடம்பைவிட்டு வெளியேறவே நேரமாகும், மூளையும் எளிதில் பாதிக்கப்படும். வாய் வறட்சி, மலச்சிக்கல், சிறுநீர் கழிக்கச் சிரமம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். இதன்மேல் தூக்க மாத்திரை வேறு! சீட்டு இல்லாமல் அதைக் கொடுத்தது பெரிய தவறு.

சளி மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். தூக்க மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். தினமும் எடுத்துப் பழகியவர்களுக்குச் சட்டென்று நிறுத்தினாலும் குழப்பம் வரும். பி.பி., சுகர் மாத்திரைகளை நீங்களாக நிறுத்த வேண்டாம். ஆனால் சரியாகச் சாப்பிடாமல் சுகர் மாத்திரை மட்டும் போட்டால் சர்க்கரை இறங்கிக் குழப்பம் வரலாம். அவர் குழம்பும் நேரத்தில் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்து, விழுங்க முடிகிற நிலையில் இருந்தால், உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள்.

நாளைக்கே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். வீட்டில் அம்மா எடுக்கும் எல்லா மருந்தையும், நாட்டு மருந்து, கண் சொட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். பெயர் சொன்னால் போதாது, அட்டையைப் பார்க்க வேண்டும். ரத்தத்தில் சோடியம் என்கிற உப்பு, சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியேட்டினின், கூடவே சிறுநீர்ப் பரிசோதனையும் தேவைப்படும். சில பி.பி. மாத்திரைகள் சோடியத்தைக் குறைக்கும். வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் சிறுநீர்த் தொற்று வருவதும் உண்டு. கிண்டியில் 2024-ல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனைக்கும் போகலாம்.

இரவில், 'ஊரும் இல்லை, பஸ்ஸும் இல்லை' என்று அவரோடு வாதாடாதீர்கள். விளக்கு எரியட்டும், கண்ணாடியைப் போட்டுவிடுங்கள், தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். எழுப்பியும் எழாவிட்டாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, கீழே விழுந்து தலையில் அடிபட்டாலோ காலைவரை காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.